அப்பாவின் நெற்றித் தழும்பு

திருப்புலி நாடு,
கொல்லிமலை.
தை மாதம், திங்கட்கிழமை

அன்பு மகள் பூங்குழலிக்கு அம்மா எழுதுவது. நானும் உன் தம்பி தமிழ்செல்வனும் நல்ல சுகம், அந்த அயர்லாந்துக் குளிரில் உனக்கும் ஒரு குறையும் வராமல் அறப்பளீஸ்வரர் பார்த்துக்கொள்வார். மிளகு இந்த வருசம் பரவாயில்லை, மரவள்ளியைத்தான் பன்றி தோண்டிவிட்டது, அது கிடக்கட்டும். அப்பா ஏணியிலிருந்து விழுந்த தழும்பு நெற்றியில் எந்தப் பக்கம் இருந்தது என்று போனில் கேட்டாயே, எனக்குச் சொல்ல வரவில்லை கண்ணு. சிக்னல் இல்லை என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன். கூட வாழ்ந்தவளுக்கே மறந்துவிட்டதே என்று அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ரேஷன் கார்டுப் போட்டோவில் முகமே தெரியாது. இமானுவேல் வாத்தியார் அப்பா இருக்கும்போதே வரைந்து கொடுத்த படம் ஒன்றுதான் இருக்கிறது, அதிலும் தழும்பைக் காணோம். அதையாவது உனக்கு அனுப்பலாம் என்றால் பிரிய மனசு வரவில்லை. அதனால் அதைப் பார்த்து இன்னொன்று வரைய ராசிபுரத்திலிருந்து கோகிலவாணி என்ற பெண்ணை வரச் சொன்னேன்.

மலைப்பாதையின் எழுபது வளைவுக்கும் வாந்தி எடுத்துக்கொண்டே பஸ்ஸில் வந்து இறங்கினாள், இவள் எங்கே வரையப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். படத்தைப் பார்த்தவள், நெத்தியில என்னங்கம்மா இத்தனை தடிமனா இருக்குது, துடைக்கட்டுங்களா என்றாள். அப்பா போன இந்தப் பதினோரு வருசமாக வெள்ளிக்கு வெள்ளி நான் வைத்த சந்தனமும் குங்குமமும், கண்ணாடி போடாத படம் பார், அப்படியே காய்ந்து அடையாக ஏறியிருக்கிறது. அப்பா பொட்டை அழிப்பதா என்று தயங்கித்தான் சரி என்றேன். ஈரப் பஞ்சால் அவள் துடைக்கத் துடைக்க அடியில் தழும்பு தெரிந்தது. இடமும் இல்லை வலமும் இல்லை, நடு நெற்றி. வாத்தியார் விடாமல் வரைந்திருக்கிறார், நான்தான் என் விரலாலேயே மூடி வைத்திருக்கிறேன். ஓவென்று அழுதுவிட்டேன்.

பிறகு பழைய படத்தைத் தலைகீழாக நிறுத்திக்கொண்டு வரைய ஆரம்பித்தாள். ஏனுங்க கண்ணு, மனுசனை இப்படியா நிறுத்தறது என்று சண்டைக்கே போனேன். அப்பத்தானுங்க முகமுன்னு நினைக்காம கோட்டை மட்டும் பார்ப்பேன், கை ஏமாத்தாது என்று சிரித்தாள். மூன்றாம் நாள் சாயங்காலம் இரண்டையும் நேராகத் திருப்பி வைத்தாள் பார், வெறும் துணியாக அவள் கொண்டுவந்ததில் உங்கப்பா இருந்து என்னைப் பார்க்கிறார். உடம்பெல்லாம் சிலிர்த்துப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். அவள் வயசு உன் வயசுதான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. குளித்துவிட்டுப் பழக்கத்தில் பொட்டு வைத்தேன், விரல் வழுக்கியது. வைத்தது புதுப் படத்தில்! எது எது என்று எனக்கே தெரியவில்லை. தழும்புக்கு ஒரு நூல் மேலே, ஈரச் சாயத்தில் குங்குமத்தோடு என் விரல் ரேகை பதிந்துவிட்டது. அஞ்சு நிமிசத்துல சரி பண்ணிடறனுங்கம்மா என்று தூரிகையை எடுத்தாள். நான் வேண்டாம் என்றுவிட்டேன்.

நன்றாகக் காய்ந்த பிறகு இந்தக் கடிதத்தோடு தம்பி பார்சல் போடுகிறான். வேளைக்குச் சாப்பிடு, நைட் டியூட்டி முடிந்தால் தூங்கு. மகராசியாக இரு. ஒன்று மட்டும் மறக்காதே, படத்துக்கு நீ பொட்டு வைக்க வேண்டாம் சாமி. நான் வைத்தது இருக்கிறது, தழும்பு தெரியட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
பாவாயி