குருமாப் பொடி இல்லாத கிறிஸ்மஸ்

12 நவம்பர் 2007, திங்கள்

காலை தாம்பரம் ரயிலில் புஷ்பலதா குண்டைத் தூக்கிப் போட்டாள். நான் சைதாப்பேட்டைப் பள்ளிக்கு மாற்றலானதிலிருந்து, அவளும் ஜெயஸ்ரீயும் லேடீஸ் பெட்டியில் எனக்கும் ஒரு இடம் பிடித்து வைக்கிறார்கள். ஜூன் மாதத்துப் பழக்கம், அவ்வளவுதான். "டீச்சர், டிசம்பர் லீவுக்கு சிங்கப்பூர் போறோம். நீங்களும் வரீங்க" என்கிறாள், என்னமோ பல்லாவரம் சந்தைக்குக் கூப்பிடுகிற மாதிரி. அவள் தங்கை குடும்பம் லீவுக்கு இங்கே வருகிறதாம், அங்கே வீடு சும்மா கிடக்குமாம்.

"எனக்குக் கிறிஸ்மஸ் இருக்கே" என்றேன்.

"அங்க மட்டும் கிறிஸ்மஸ் இல்லியா இன்னா?"

பெட்டியே சிரித்தது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

14 நவம்பர்

எனக்குக் கிறிஸ்மஸ் என்றால் படப்பையில் அண்ணன் வீட்டு அடுப்படி. இருபது வருஷமாக அப்படித்தான். அரைப்பரீட்சை லீவு விட்ட அன்றே பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன். கல்கலா, அச்சு முறுக்கு, அதிரசம், பண்டிகையன்று மட்டன் குருமா. வந்தவர்கள் எல்லாரும் சாப்பிட்டு எழுந்து நான் உட்காரும்போது சட்டியில் எலும்புதான் மிச்சம் இருக்கும். கல்யாணம் ஆகாதவளுக்கு நல்லநாளில் போக ஓர் இடம் இருக்கிறதே, அது போதாதா?

இந்த வருஷம் போகாவிட்டால்? இருக்கிற அந்த ஒரு வாசலும் அடைத்துக்கொண்டால்? அதுதான் பயம். வேறென்ன.

பாஸ்போர்ட் அலமாரியில் சும்மா கிடக்கிறது. கோயில்காரர்களோடு ஜெருசலேம் போக எடுத்தது. அந்தச் சமயம் பார்த்து அண்ணன் மகள் ஜெனிக்குக் கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை வைத்தார்கள், பலகாரம் சுட ஆள் வேண்டும் என்று நின்றுவிட்டேன்.

18 நவம்பர், ஞாயிறு

படப்பைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன்.

"யாரோட? ரயில்ல பாத்தவங்களோடயா?" என்றார் அண்ணன். அப்புறம், "அண்ணி ஒத்தையா எப்படிச் செய்வான்னு யோசிச்சியா?" கடைசியாக, "இந்த வருஷம் வரலேன்னா இனிமே வராத."

அண்ணி ஒரு வார்த்தை பேசவில்லை. காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். 'விடுங்க, போய்ட்டு வரட்டும்'னு சொன்னா வாய் வலிக்குமா? அவருக்காகவும் சேர்த்துத்தானே நான் வருஷா வருஷம் வேகறேன்!

பஸ்ஸில் முடிச்சூர் வரும்வரை அழுதேன். சே, நாற்பத்தாறு வயசுல.

19 நவம்பர்

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஜெயஸ்ரீ என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. புஷ்பலதாவுக்கு ஒரே நிபந்தனை: அங்கே யாரும் கரண்டியைத் தொடக் கூடாது. "முக்கியமா நீங்க, டீச்சர்."

20 டிசம்பர்

இன்று மசாலா வறுத்தேன். தனியா, சோம்பு, பட்டை, கிராம்பு, கசகசா. பொடித்து ஒரு டப்பாவில் அடைத்துப் புடவைகளுக்கு நடுவில் வைத்திருக்கிறேன். அவளுங்களுக்குச் சொல்லவில்லை. கிறிஸ்மஸ் அன்றைக்குக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட என்னால் ஆகுமா? ஒரு வேலையும் செய்யாமல் சோற்றுக்கு உட்கார்ந்தால் என்னை யார் கூட வைத்துக்கொள்வார்கள்?

22 டிசம்பர், சனி. சிங்கப்பூர்

உயிரோடுதான் இருக்கிறேன். மாதாவே, ஸ்தோத்திரம்.

விமானத்தில் ஓர் அட்டை கொடுத்தார்கள். போதைப்பொருள் கடத்தினால் மரண தண்டனை என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. நமக்கென்ன என்று மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்து சீட்டு அம்மா அந்த ஊர்க்காரர். "கசகசா எதுவும் கொண்டு வரலியே? அது அபினிச் செடி விதையாச்சே, இங்க அதுக்கும் தடை" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார்.

கணக்கு டீச்சருக்குக் குருமாப் பொடியாலயா சாவு வரணும்? பெட்டி கையில் இருந்தாலாவது எங்கேயாவது கொட்டித் தொலைக்கலாம். அது விமானத்தின் வயிற்றில் கிடக்கிறது. ஜெயஸ்ரீயிடம் சொன்னேன், அவள் முகம் வெளுத்துவிட்டது. "பேஜாரு டீச்சர் நீங்க! அத இன்னாத்துக்கு எடுத்தாந்தீங்க?" என்று தலையில் அடித்துக்கொண்டாள் புஷ்பலதா.

இறங்கிப் பெட்டி வந்ததும், யாரும் கேட்கும் முன்னே டப்பாவை எடுத்துக்கொண்டு நானே சுங்க அதிகாரியிடம் போய் நின்றேன். நல்லவேளை, தமிழ்ப் பையன். உள்ளே என்ன என்றான். சமையல் குறிப்பை முழுசாக ஒப்பித்தேன். கசகசாவையும் விடவில்லை. டப்பாவைத் திறந்து முகர்ந்தான். "வாசனை நல்லாருக்கும்மா. ஆனா உள்ள விட முடியாது. நீங்களே வந்து சொன்னது நல்லதாப் போச்சு." அப்படியே குப்பைத் தொட்டியில் போட்டான். பெயரை எழுதிக்கொண்டு போகச் சொல்லிவிட்டான். அவ்வளவுதான்!

வெளியே வந்து மூன்று பேரும் பெட்டிகள் மேலேயே உட்கார்ந்து சிரித்தோம். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். "கரண்டிய தொடாதீங்கன்னு நான் சொன்னப்ப கேக்கல. இப்ப கவர்மெண்டே சொல்லிடுச்சு பாத்தீங்களா" என்றாள் புஷ்பலதா.

25 டிசம்பர், கிறிஸ்மஸ்

காலையில் தமிழ்ப் பூசை. இரண்டு பேரும் கூடவே வந்தார்கள், நான் முழந்தாளிட்டபோதெல்லாம் அவர்களும் முழந்தாளிட்டார்கள். மதியம் கடைத்தெருவில் வாழையிலை போட்டு மீன்தலைக் கறி. ஜெயஸ்ரீ சைவம். தன் தோசையை ஆறவிட்டு, "முதல்ல நீங்க சாப்பிடுங்க, இன்னிக்கு உங்க பண்டிகை" என்றாள். இலையில் சூடாகச் சோறு விழும்போதே சாப்பிட்டேன். சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் வெட்கமாகவும்.

படப்பைக்கு போன் போட்டேன். அண்ணன் எடுக்கவில்லை. அண்ணிதான். "நல்லா இருக்கோம். நீ நல்லா சுத்திட்டு வா. வெச்சிடறேன்." பின்னால் ஒரு சத்தமும் இல்லை. எண்ணெய் பொரிகிற சத்தம்கூட இல்லை. என்ன ஆச்சு அங்கே? என்னால் பண்டிகையே நின்றுபோச்சா?

27 டிசம்பர்

மழை. தாம்பரத்து மழையேதான், சாலையில் தண்ணீர் மட்டும் நிற்கவில்லை. படப்பை நினைப்பு.

1 ஜனவரி 2008, செவ்வாய்

சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த கோடாலித் தைலமும் சாக்லேட்டும் எடுத்துக்கொண்டு படப்பைக்குப் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றவே கால் தயங்கியது. அண்ணி தனியாக இருந்தார்.

"அன்னிக்கு என்ன அண்ணி செஞ்சீங்க?" என்றேன்.

"ஒன்னும் செய்யல. கடைத்தெருவுலேருந்து பிரியாணி வாங்கியாரச் சொன்னேன். சாப்ட்டு மத்தியானம் படுத்துத் தூங்கிட்டேன்." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "மேரி, ஒன்னு சொல்லுவேன், கோச்சுக்கக் கூடாது. அந்த எண்ணெ வாசனையே எனக்கு ஆவாது. நீ வருஷம் பூரா தனியா கெடந்துட்டு ஆசையா வந்து சுடறியேன்னு பக்கத்துல நிப்பேன்."

"ஐயோ அண்ணி, நான் உங்களுக்காகத்தானே சுட்டேன்!"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். முதலில் சிரித்தது அண்ணிதான். அன்றைக்கு ஏன் பேசவில்லை என்று கேட்டேன். "நான் ஏதாச்சும் பேசினா, எனக்காகப் பாத்து நீ போகாம இருந்துடுவியோன்னு பயம்" என்றார். வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்புறம் கொஞ்சம் அழுதேன், அதுவும் நல்லாத்தான் இருந்தது.

அண்ணன் வந்தார். முறைத்தார். தைலத்தை எடுத்து முழங்காலில் தேய்த்துக்கொண்டார். "சாப்ட்டுப் போ" என்றார்.

9 ஜனவரி

சாயங்காலம் அண்ணன் போன் செய்தார். இன்னும் கோபம் தீராத குரல்தான். "அண்ணிக்குப் பாஸ்போர்ட் எடுக்கணுமாம். என்னென்ன வேணும், சொல்லு."