பூட்டு வேண்டாம்

அன்புள்ள அக்கா,

நம் தையல் ஆலையை ஆய்வு செய்ய வந்த அதிகாரி, “கழிப்பறைச் சாவி யார்கிட்ட இருக்கு?” என்று கேட்டபோது, ‘என் அக்காகிட்ட’ என்று நான் சொல்லவில்லை. சொன்னதாக நினைத்து நீ என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாய்.

சாவி கேட்டால், “இப்பத்தானே போனே, வயித்துக்குள்ள குழாய் வச்சிருக்கியாடி?” என்பாய். எல்லோரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் தைத்தவள்தான் பொத்தான் துளை போடும் காஜா மெஷின் மேல் மயங்கி விழுந்தாள். சிறுநீரகம் கெட்டிருக்கிறதாம்.

ஒரு நாளில் தைக்கும் சட்டைகளின் எண்ணிக்கை குறைந்தால் முதலாளி, மேற்பார்வையாளரான உன்னைத்தான் வறுத்தெடுக்கிறார். உன்னை மாற்றினால் சாவி இன்னொருத்தி இடுப்புக்குப் போகும், அவ்வளவுதான். அதனால் பூட்டே கூடாது என்று மனு எழுதினேன். நாற்பது பெண்கள் கையெழுத்துப் போட்டார்கள். உன் கையெழுத்துக்காக மதியம்வரை காத்திருந்துவிட்டு அதிகாரியிடம் கொடுத்தேன். மறுபடியும் எழுதச் சொன்னாலும் அதையேதான் எழுதுவேன்.

நேற்று பூட்டைக் கழற்றிவிட்டார்கள். நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று என்னிடம் சொல்லிவிட்டார்கள்.

உன் தங்கை