முதல் கைப்பிடி மிளகு

மாசி 9, வியாழன்.

மூன்று வருடத்துக்குப் பிறகு இன்று தேவனூர் நாட்டு மலைக் கிராமங்களுக்கு நானே ஏறினேன். மிளகு வாங்கும் வேலையை முழுக்க என் ஆள் சின்னமுத்துவிடம் விட்டிருந்தேன். முழங்கால் வலி என்று ஊரில் சொன்னேன், உண்மையில் சோம்பல்தான். இந்த மாசம் அவன் அனுப்பிய மூட்டையெல்லாம் பூஞ்சணம்.

மலையில், விளைவித்தவர் முதல் கைப்பிடி மிளகை எந்த வியாபாரியின் துண்டில் போடுகிறாரோ அவருக்குத்தான் அந்த வருட விளைச்சல். அந்தத் துண்டை முடிந்து தம் வீட்டுக் கூரையின் இறவாரத்தில் தொங்கவிடுவார்கள். அங்கே மிளகு விளைவிக்கும் வெள்ளையன் இருபது வருடம் என் துண்டில்தான் போட்டான். இன்றும் அவன் களத்தில் துண்டை விரித்தேன். அவன் குனியவே இல்லை.

“சின்னமுத்து துண்டுல போட்டாச்சுங்க சாமி. நல்ல மிளகு அவரு யாவாரத்துக்குங்க. கழிச்சது உங்களுக்குன்னாருங்க.”

“அவன் என் ஆளு, வெள்ளையா.”

“அவரு அப்படிச் சொல்லலீங்களே. நீங்களும் மூணு வருசமா இந்தப் பக்கம் வரலீங்க.”

விரித்த துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டேன். கூழ் குடித்துவிட்டுப் போகச் சொன்னான், வழிப்போக்கனிடம் சொல்வதுபோல.

திரும்பும்போது அவன் வீட்டு இறவாரத்தைப் பார்த்தேன். முடிச்சோடு துண்டு தொங்கியது. சிவப்புக் கரை. பொங்கலுக்குச் சின்னமுத்துவுக்கு நான் எடுத்துக் கொடுத்தது.