வசுமதியிடம் சொல்லாதது

4 மார்ச் 2024
தேயிலை ஃபேக்டரியில் இன்று இரண்டு ஷிப்ட். வீட்டுக்கு வந்ததும் "உடம்பு வலி" என்று ஹாலில் பாய் போட்டேன். இது எத்தனையாவது பொய்? வசுமதி ஒன்றும் கேட்கவில்லை.

9 மார்ச்
கேட்டுவிட்டாள். கீரை ஆய்ந்துகொண்டே, "கம்போங் ராஜா டவுன்ல யாராச்சும் இருக்காங்களா? இருந்தா சொல்லிருங்க லா" என்றாள். குரல் உயரவில்லை. எட்டு மாதமாக எனக்கு விறைப்பே வருவதில்லை என்பதை மனைவியிடம் எந்த வார்த்தையில் சொல்வது? நாப்பத்தி நாலு வயசுதானே ஆவுது எனக்கு? "யாருமில்ல" என்றேன். நம்பவில்லை.

10 மார்ச்
ஈப்போவுக்கு, அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். தானா ராத்தா பஸ் ஸ்டாண்டில் வைத்துச் சொன்னேன். "வேற பொம்பள இல்ல வசு. என்னால முடியல. அதான்."
பையைக் கீழே வைத்தாள். "இதுக்கா எட்டு மாசம் என்னைய அழ விட்டீங்க?"
பஸ் போய்விட்டது. அவள் ஏறவில்லை.

18 மார்ச்
கிளினிக்கில் டாக்டர் ஒரு பெண், யோகேஸ்வரி. எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. வசுமதி கையைப் பிடித்துக்கொண்டாள். காலையில் விழிக்கும்போதாவது விறைப்பு இருக்கிறதா? இல்லை. சிகரெட்? தினம் ஒரு பெட்டி. அடிக்கடி தாகம்? ஆமாம்.
"வெக்கப்படாதீங்க அண்ணே. ரத்தக் குழாய் கெட்டா சில பேருக்கு மொதல்ல இதுலதான் தெரியும். அப்புறம்தான் நெஞ்சுக்கு வரும்."
ரத்தம் எடுத்தார்கள். பிரஷர், ஈசிஜி.

25 மார்ச்
வெறும் வயிற்றில் சர்க்கரை பதினான்கு. இங்குள்ள கணக்கில் ஏழு வந்தாலே இனிப்பு நீராம், அதாவது சர்க்கரை வியாதி. நெஞ்சில் கோளாறு இல்லை. ஆண்மை போய்விட்டதென்று நான் குமைந்துகொண்டிருக்க, உடம்பு வேறு எதையோ சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

2 ஏப்ரல்
சிகரெட் இல்லாமல் ஐந்தாம் நாள். எல்லோர் மேலும் எரிந்து விழுகிறேன்.

17 ஜூன்
சர்க்கரை எட்டுக்கு இறங்கியது. டாக்டர் விறைப்புக்கென்று மாத்திரை எழுதினார். ஒரு மணி நேரம் முன்பு போட வேண்டும். நெஞ்சு வலி மாத்திரையோடு சேரவே கூடாது என்று இரண்டு முறை சொன்னார்.

23 ஜூன்
மதியம் மாத்திரை போட்டும் நடக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். "மூஞ்சிய திருப்பாதீங்க. அதான் எனக்கு வலிக்குது" என்றாள் வசுமதி. திரும்பினேன். பொழுது சாயும்வரை பேசிக்கொண்டு கிடந்தோம்.

26 ஜூன்
டாக்டரிடம் கேட்டேன். ஒரு தடவையில் முடிவு கட்டக் கூடாதாம். பயமும் தடுக்குமாம். பயம்தான்.

21 ஜூலை, ஞாயிறு
மதியம் மாத்திரை போட்ட கொஞ்ச நேரத்தில் நல்ல மழை. கொடியில் போட்ட துணியெல்லாம் தொப்பலாக நனைந்துவிட்டது. நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை.