லயத்துக்குப் பின்னால் வந்த தண்ணீர்

என் தங்க அம்மாவுக்கு,

நீ கேட்ட தண்ணீர் வந்துவிட்டது. நம்ம காம்பரா வீட்டின் பின்கதவைத் திறந்தால் நாலெட்டில் ஊற்று. குடத்தைத் தூக்கிக்கொண்டு மேட்டுப் பீலியில் தண்ணீர் பிடிக்கப் படி ஏறி இறங்கியே முட்டி தேய்ந்தவள் நீ. கடைசியில் அந்தப் படியிலேயே வழுக்கி விழுந்து, எழுந்திருக்காமலே போய்விட்டாய். இப்போது நாங்கள் செருப்புக்கூடப் போடாமல் போய் மொண்டுகொண்டு வருகிறோம். இதைச் சந்தோஷமாக உனக்கு எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை அம்மா.

நம்ம லயத்து வீட்டு வரிசைக்கு மேலே, பெரிய பங்களா முன்னால், வெள்ளைக்காரத் துரைமார் படகு விடுவதற்காக மண்ணைக் கொட்டி அணை கட்டிய குளம் இருக்கிறதே, எல்லாம் அதில்தான் ஆரம்பித்தது. பங்களாவை வாங்கிய கொழும்பு முதலாளி அதை ஓட்டலாக்கிவிட்டார். குளத்தில் இப்போது அன்னம் மாதிரிப் படகுகள், காலால் மிதித்தால் போகும். பெரிய பெரிய ஆட்கள் குழந்தைகள் மாதிரி உட்கார்ந்து மிதிப்பதைப் பார்த்தால் நீ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாய். படகு சேற்றில் தட்டுகிறது என்று, மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் வாய்க்காலைப் பலகை வைத்து மறித்துவிட்டார்கள். குளம் விளிம்பு வரைக்கும் நிற்கிறது. நான் அங்கேதான் கூட்டிப் பெருக்குகிறேன், தினமும் பார்க்கிறேன்.

அதற்குப் பிறகு வந்த மழையில்தான் அணையின் அடிவாரத்தில், நம்ம பின்கதவுக்கு நேரே, தண்ணீர் கசிந்தது. முதலில் பார்த்தது பக்கத்துக் காம்பரா செல்வி அக்கா. "மாரியாத்தா கண்ணத் தொறந்துட்டா!" என்று அவள் போட்ட சத்தத்தில் லயமே கூடிவிட்டது. கல் நட்டார்கள், மஞ்சள் பூசினார்கள், இந்தக் குளிரில் வேப்பிலை எங்கே கிடைத்ததோ, அதையும் கொண்டுவந்து கட்டினார்கள். நீ வேண்டிக்கொண்டது பலித்துவிட்டது என்று அப்பா விம்மி விம்மி அழுதார்.

கொஞ்ச நாளில் தண்ணீர் மஞ்சளாக வர ஆரம்பித்தது. "ஆத்தா மஞ்சத்தண்ணி குடுக்குறா" என்று ஆளாளுக்குத் தலையில் தெளித்துக்கொண்டார்கள். நானும்தான் கும்பிட்டேன். ஆனால் குடத்தின் அடியில் படிந்திருந்த மண்ணைக் கையில் எடுத்தபோது எனக்குத் திக்கென்றது. நம்ம தேயிலை மலையெல்லாம் கறுப்பு மண். அந்த மஞ்சள் களி அணையில் மட்டும்தான் இருக்கிறது.

படகுகளுக்கு வர்ணம் அடிப்பதற்காகப் பலகையைக் கழற்றிக் குளத்துத் தண்ணீரை இறக்கினார்கள். ஊற்றும் வற்றியது. ஆத்தாவுக்குக் கோபம் என்று இவர்கள் பொங்கல் வைத்து, சேவல் அறுத்தார்கள். ஓட்டல்காரர்கள் பலகையைத் திரும்ப மாட்ட, மழையும் பெய்ய, குளம் நிரம்பி ஊற்றும் திரும்பி வந்துவிட்டது. தப்படித்து ஆடினார்கள் அம்மா. அணை உள்ளே கரைந்துகொண்டிருக்கிறது, அதைத்தான் நாங்கள் குடித்துக்கொண்டிருக்கிறோம்.

சொல்லாமல் இருந்தேனா? ஓட்டல் மெனேஜரிடம் சொன்னேன். பழைய அணை, கொஞ்சம் ஈரம் இருக்கத்தான் செய்யும், நீ கூட்டுகிற வேலையைப் பார் என்றார். தோட்டத்து ஒப்பீசில் குளம் எங்களுடையதில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். கடைசியில் நம்ம தொழிற்சங்கத் தலைவரிடம் போனேன். அவர் மட்டும்தான் கடைசிவரை கேட்டார்.

"நீ சொல்றது நெசமாவே இருக்கட்டும் புள்ள. எழுதிக் குடுத்தா என்னா செய்வாங்க? ஒன்னு, ஓட்டைய அடைப்பாங்க, தண்ணி நின்னுரும். இல்லாட்டி நம்மள எழுப்பிக் கொண்டுபோய் ஸ்கூல்ல போடுவாங்க. அங்கருந்து எந்த வீட்டுக்குப் போவோம்? இந்தப் பொம்பளைகள மறுபடி பீலிக்கு ஏறச் சொல்றியா?"

நீ அந்தப் படியில் விழுந்து கிடந்தது கண்முன்னால் வந்தது. எழுதிக் கொடுக்காமலே திரும்பி வந்தேன். நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

அப்பா இப்போது அந்தக் கல்லுக்குப் பக்கத்திலேயே சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். யாராவது அங்கே பாத்திரம் கழுவினால் சண்டைக்குப் போகிறார். "அது ஆத்தா குடுத்ததில்லப்பா, அணை ஒழுகுது. தங்கச்சி வீட்டுக்குப் போயிருவோம், வாங்க" என்று கையைப் பிடித்துக் கூப்பிட்டேன். கையை உதறிவிட்டார். "உங்கம்மா உசுரக் குடுத்து வாங்குன தண்ணி. ஒனக்கு அவ மேல பாசமே இல்ல" என்றார். அதற்குமேல் நான் அவரைக் கூப்பிடவில்லை.

நேற்று அணையின் மேல் நடைபாதையில் ஓரிடம் உள்வாங்கியிருந்தது. மெனேஜர் வந்து பார்த்தார். விருந்தாளிகள் கால் இடறி விழுந்துவிடுவார்களாம். மண்ணை நிரப்பி அதன்மேல் பூச்சட்டி வைக்கச் சொன்னார். நானும் வைத்தேன்.

உன் பேத்தியை வட்டவளையில் தங்கச்சி வீட்டில் விட்டிருக்கிறேன். அவள் அப்பா கொழும்புக் கடையில் இருப்பதால், பிள்ளைக்கு இப்போது சித்திதான் எல்லாம். "அம்மா, நீங்க எப்ப வருவீங்க?" என்று போனில் கேட்கிறாள். மழை விட்டதும் வருகிறேன் என்கிறேன். இந்த மலையில் மழை எப்போது விடும் என்று உனக்குத் தெரியாததா? சித்தியை அம்மா என்று கூப்பிடப் பழகிக்கொள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

என்னால் தரக்கூடியது ஒரே ஒரு வாக்குத்தான் அம்மா. அப்பா அங்கிருந்து எழுந்திருக்கப் போவதில்லை. அவரைத் தனியாக விடமாட்டேன்.

இப்படிக்கு,
அப்பாவோடு இருக்கும்
உன் மூத்த மகள்