அக்காவுக்கு அம்மாவானவள்

பிப்ரவரி 4

என் சின்னவளுக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். போனில் சொல்லலாம் என்றால் இங்கே கூடத்தில் எந்நேரமும் யாராவது உட்கார்ந்திருக்கிறார்கள். நீ வேறு, போனில் பேசியதை மறுநாள் நான் மாற்றிச் சொல்கிறேன் என்று சண்டைக்கு நிற்பாய்.

விஷயம் என் தலை. போன மாதம் டை அடித்தேனா, மறுநாளே காதுக்குப் பின்னால் கொப்புளம், கண் இமையெல்லாம் வீக்கம். தோல் டாக்டர் சின்னப் பெண், என் மகள் வயதுதான். "இனிமே டை பக்கமே போகாதீங்கம்மா" என்று சொல்லிவிட்டாள். அங்கேயே எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஜூனில் மகள் கல்யாணம். மண்டபத்தில் நான் வெள்ளைத் தலையோடு நிற்க, பக்கத்தில் நீ கருகருவென்று நின்றால் எனக்கு எப்படி இருக்கும்? நீயும் நிறுத்திவிடேன். இரண்டு பேரும் சேர்ந்தே வெளுப்போம். ஜோடியாக நின்றால் லட்சணமாகக்கூட இருக்கும். அக்காவுக்காக இது ஒன்றைச் செய்ய மாட்டாயா?

உன் பதிலுக்காக வாசலைப் பார்த்திருக்கும்,
அக்கா

பிப்ரவரி 15

அக்காவுக்குத் தங்கை எழுதுவது.

உன் கடிதம் வந்தது. என் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள். ஐந்தாம் வகுப்போடு என்னை வீட்டில் உட்கார வைத்துவிட்டு உன்னை மட்டும் மேலே படிக்க அனுப்பினார்கள் அல்லவா, அதன் பலன். அதை விடு.

எனக்குக் கொப்புளமும் இல்லை, வீக்கமும் இல்லை. மூக்கும் நிறமும் உனக்குப் போய்விட்டன. முடி ஒன்றுதான் என் பங்குக்கு வந்தது. இத்தனை வயதிலும் பேருந்தில் பின்னால் இருந்து பார்க்கிறவர்கள், "கொஞ்சம் தள்ளிக்கம்மா" என்றுதான் சொல்கிறார்கள். திரும்பிய பிறகுதான் 'பாட்டி' ஆகிறேன். அந்த அற்ப சந்தோஷத்தையும் விடு என்கிறாய்.

முடி விஷயத்தில் உன்னை நம்பலாமா என்றும் யோசித்தேன். எனக்கு ஒன்பது வயது, உனக்குப் பதிமூன்று. என் பின்னல் உன்னுடையதைவிட நீளம் என்று யாரோ சொன்னார்கள். நான் தூங்கும்போது கத்தரிக்கோலால் வெட்டிவிட்டு, "அவளே வெட்டிக்கிட்டாம்மா" என்றாய். அடி வாங்கியது நான். நீ மறந்திருப்பாய். எனக்கு அந்தக் கத்தரிக்கோலின் கைப்பிடி நிறம்கூட ஞாபகம் இருக்கிறது.

இருந்தாலும் டாக்டர் முன்னால் அழுததாக எழுதியிருக்கிறாய். நீ அழுதால் எனக்குத் தாங்காது. அது என் கோளாறு. இனி நான் டை போடவில்லை. மருமகள், "யோசிச்சு செய்யுங்க அத்தை, நடுவுல பார்க்க சகிக்காது" என்கிறாள். யோசித்தாகிவிட்டது. நான் சொன்னால் சொன்னதுதான். நீயும் அப்படியே இரு.

கோபம் பாதி, பாசம் பாதியாக,
உன் சின்னவள்

மே 28

அக்காவுக்கு,

கல்யாண வேலையில் உனக்கு மூச்சு விட நேரம் இருக்காது. படித்துவிட்டு வைத்துவிடு.

இந்த மூன்று மாதமும் நான் பட்ட பாடு! வேரில் வெள்ளை, நடுவில் துரு நிறம், நுனியில் கறுப்பு. பழைய இரும்புக் கேட் மாதிரி இருந்தேன். நான் ஆயாவாக இருக்கும் மழலைப் பள்ளியில் ஒரு பொடிசு என் மடியில் ஏறி உட்கார்ந்து, "ஆயாம்மா, உங்க தலையில யாரு மாவு கொட்டினா?" என்று கேட்டது. சிரித்துவிட்டேன். ஆனால் தலைமை டீச்சர் சொன்னதற்குச் சிரிப்பு வரவில்லை. "பெத்தவங்க வர்ற நேரத்துல நீங்க வாசல்ல நிக்க வேணாம். உள்ள தொட்டில்களைப் பாத்துக்குங்க" என்றார். வாசலில் ஒவ்வொரு குழந்தையையும் கைப்பிடித்து இறக்குவது என் வேலை. அந்தப் பள்ளி திறந்த நாளிலிருந்து என் வேலை. உடம்புக்கு முடியாதவளைப் போல இப்போது உள்ளே உட்கார வைத்துவிட்டார்கள்.

நேற்று கடைக்குப் போய், கறுப்பாக இருப்பது அத்தனையையும் வெட்டச் சொன்னேன். வெட்டுகிற பெண் இரண்டு தடவை கேட்டாள். "நிஜமாத்தானா?" "வெட்டும்மா, எங்க அக்கா கல்யாணத்துக்குப் போகணும்." "அக்காவுக்கா கல்யாணம்?" என்று அவள் கண்ணை விரித்தாள். உன் மகளுக்கு என்று விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இப்போது என் தலை முழுக்க வெள்ளை, பள்ளிக்கூடப் பையன் கிராப் அளவுக்குத்தான் இருக்கிறது. காதைச் சுற்றிக் காற்று அடிக்கிறது. பேத்தி முதலில் பயந்தாள், பிறகு தடவித் தடவிப் பார்க்கிறாள்.

உன்னுடையது எவ்வளவு தூரம் வெளுத்திருக்கிறது? ஒரு வரி எழுது. தைரியமாக இருக்கும்.

உன்னைப் பார்க்கப் பறக்கும்,
சின்னவள்

ஜூன் 3

என் தங்கமே,

எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. கண்ணாடியைப் பார்க்கவே பிடிக்கவில்லை. எனக்காக முடியை வெட்டிக்கொண்டாய் என்று படித்ததும் கண் கலங்கிவிட்டது. உன்னைப்போல் ஒரு கூடப்பிறந்தவள் யாருக்குக் கிடைப்பாள்? மற்றதை நேரில் பேசிக்கொள்ளலாம். பெட்டியில் அந்த நீலச் சேலையை எடுத்துவைக்க மறக்காதே.

அவசரத்தில்,
அக்கா

ஜூன் 21

அக்கா,

ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டேன். இதை உடனே எழுதியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன். ஆறட்டும் என்று இருந்தேன். ஆறவில்லை.

மண்டப வாசலில் இறங்கியதும் உன்னைத் தேடினேன். வெள்ளைத் தலையைத் தேடியதால், எதிரிலேயே நின்ற உன்னை எனக்கு அடையாளம் தெரியவில்லை. பளபளவென்று ஒரு கொண்டை, நெற்றி ஓரத்தில் ஒரு நரைகூட இல்லாமல். நான் வாயைத் திறப்பதற்குள் என்னை ஓரமாக இழுத்துப்போய், "புதுசா ஒன்னு வந்திருக்குடி, கொப்புளமே வராது. உனக்குச் சொல்லணும்னுதான் இருந்தேன், வேலையில மறந்துட்டேன்" என்றாய். எப்போதிலிருந்து போடுகிறாய் என்று கேட்டேன். "மார்ச்சுல இருந்து" என்றாய், ஏதோ மளிகை வாங்கிய கணக்கு மாதிரி. அப்படியானால் ஜூன் மூன்றாம் தேதி 'எனக்கும் அப்படித்தான்' என்று எழுதினாயே, அது எந்தத் தலையைப் பற்றி?

சத்தியமாகச் சொல்கிறேன், அதையும் விழுங்கியிருப்பேன். உன் பழைய கணக்குகளோடு அதையும் சேர்த்து வைத்துக்கொண்டு சிரித்த முகமாகச் சாப்பிட்டுவிட்டு வந்திருப்பேன்.

போட்டோ எடுக்கும்போது மாப்பிள்ளையின் அம்மா வந்தாள். அன்றுதான் முதல் தடவை என்னைப் பார்க்கிறாள். என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு உன்னிடம், "உங்க அம்மாவா? சொல்லவே இல்லையே! இந்த வயசுல இவ்வளவு தூரம் வந்திருக்காங்களே" என்றாள். நீ என்னைப் பார்த்தாய். நான் சிரிக்கத் தயாராக இருந்தேன், நீயும் சிரித்துக்கொண்டே 'ஐயோ, என் தங்கச்சிங்க' என்று சொல்லப்போகிறாய் என்று.

"ஆமாங்க. அம்மாதான். காது கொஞ்சம் மந்தம்" என்றாய்.

காது மந்தம்! அதை யார் கேட்டது உன்னிடம்? நான் எதுவும் பேசிவிடக் கூடாது என்றுதானே? பிறகு என் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்து, முதுகுக்கு ஒரு தலையணையும் கொண்டுவந்து வைத்தாய். நாலு வயது மூத்தவள் நீ. சின்ன வயதில் என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் சுற்றியவள் நீ. அந்தத் தலையணையை இழுத்து உன் முகத்தில் எறிந்திருப்பேன். உன் மகள் அந்தப் பக்கம் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. அவ்வளவுதான்.

நம் அம்மா உயிரோடு இருந்திருந்தால் உன்னை என்ன செய்திருப்பாள் என்று எழுத எனக்குத் தெரியவில்லை.

நீ ஒன்று செய். உன் சம்பந்திக்குப் போன் போட்டு, 'அது என் தங்கை' என்று சொல்லிவிடு. வேறு எதுவும் விளக்க வேண்டாம். சொன்ன பிறகு எனக்கு எழுது. சொல்லாமல் எழுதாதே.

தங்கை

ஜூலை 5

என் செல்லச் சின்னவளுக்கு,

திட்டு, இன்னும் திட்டு. உனக்குத்தான் அந்த உரிமை இருக்கிறது. உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் பக்கத்தையும் கேள். சம்பந்திக்கு ஐம்பத்திரண்டு வயது. ஆபீஸ் போகிறாள், கார் ஓட்டுகிறாள். முதலில் பேசும்போது என் வயதைக் கேட்டாள். ஐம்பத்தைந்து என்று வாயில் வந்துவிட்டது. உன்னைத் தங்கை என்று சொன்னால் அந்தத் தலையைப் பார்த்து என் வயதைக் கணக்குப் போட மாட்டாளா? அவளே கேள்வியையும் கேட்டு, அவளே பதிலையும் வைத்துக்கொண்டு நின்றாள். நான் தலையை ஆட்டினேன். இதில் உனக்கு என்ன குறைந்துபோயிற்று? மரியாதைதானே கிடைத்தது?

இப்போது ஒரு சங்கடம். அவள் இந்த மாதம் இருபதாம் தேதி உங்கள் ஊரில் இருக்கிற அண்ணன் வீட்டுக்கு வருகிறாள். "அம்மாவைப் பாக்காம வந்தா மனசுக்குக் கஷ்டமா இருக்கும்" என்று முகவரி வாங்கிக்கொண்டாள். கொடுக்காமல் இருக்க முடியவில்லை. கொஞ்ச நேரம்தான் இருப்பாள். அப்படியே இருந்துவிடு. அக்காவுக்காக இது ஒன்று.

நான் போடும் டையையும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன், ஒன்றும் செய்யாது. ஆனால் அவள் வந்து போன பிறகு போட்டுக்கொள்.

உன்னை விட்டால் யாருமில்லாத,
அக்கா

ஜூலை 24

அக்கா,

உன் சம்பந்தி வந்தாள்.

அவள் வந்ததும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று இருந்தேன். மருமகளிடமும் சொல்லிவைத்திருந்தேன். அவள், "அப்ப இன்னைக்குக் காது கேக்குமா அத்தை, கேக்காதா? அதுக்குத் தகுந்த மாதிரி நானும் பேசணும்ல" என்று கிண்டல் வேறு செய்தாள். கேட்கும் என்றேன்.

நல்ல பெண், அக்கா. நீ எழுதியதை வைத்து நான் வேறு மாதிரி நினைத்திருந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, நாற்காலி இருந்தும் என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள். சத்தமாகத்தான் பேச ஆரம்பித்தாள், பாவம். நான் மெதுவாகப் பதில் சொல்லவும் அவளே குரலைத் தணித்துக்கொண்டாள். டீயைக் குடித்துக்கொண்டே என் தலையையே பார்த்தாள்.

"தொட்டுப் பாக்கலாமாம்மா?"

"தொடு, கடிக்காது."

தொட்டாள். பிறகு தன் வகிட்டை விரித்து என்னிடம் காட்டினாள். அடியெல்லாம் வெள்ளை. "மாசா மாசம் இதோட மல்லுக்கட்டுறேம்மா. விட்டுடலாம்னு பாக்குறேன், தைரியம் வரல. நீங்க எப்படி விட்டீங்க?"

"ஒருத்தி சொன்னா, விட்டேன். அவ விடல."

"அடப்பாவமே. சண்டை போட்டீங்களா?"

"இன்னும் இல்ல" என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, அதுதான் கொடுமை.

உன்னைப் பற்றிக் கேட்டாள். சின்ன வயதில் எப்படி இருப்பாய் என்று. கெட்டிக்காரி, அழகி, அவள் செய்த தப்புக்கு யாராவது அடி வாங்குவார்கள் என்று சொன்னேன். அம்மா என்றால் பிள்ளையை இப்படித்தான் செல்லமாகக் குறை சொல்வாள் என்று நினைத்துக்கொண்டாள்.

இப்போது சொல்லிவிடலாம் என்று தொண்டையைச் செருமினேன். அதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "எனக்கு ஒரே பையன். பணம், காசு எதுவும் பாக்கலம்மா. பொய் இல்லாத வீட்ல பொண்ணு எடுக்கணும்னு மட்டும் இருந்தேன். உங்க பேத்தி அப்படியே இருக்கா. ஒளிவு மறைவே தெரியல அவளுக்கு. உங்க வளர்ப்பு அது."

நான் என்ன செய்வேன், சொல்லு. உண்மையைச் சொன்னால் அது உன்மேல் விழாது. புதுசாகப் போய்ச் சேர்ந்த அந்தப் பெண்மேல் விழும். வாயை மூடிக்கொண்டேன். உனக்காக என்று நினைத்துவிடாதே.

டையைப் பற்றி எழுதியிருந்தாய். அவள் போன பிறகு அதைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். வாசனை நன்றாகத்தான் இருக்கிறது. நான் போடப்போவதில்லை. குளித்துவிட்டுத் துண்டால் ஒரு தடவை துடைத்தால் என் தலை காய்ந்துவிடுகிறது, தலையணை உறையில் கறை இல்லை. காலையில் காற்று நேராக மண்டையில் படுகிறது. அது எனக்குப் பிடித்துப்போய்விட்டது. திங்கட்கிழமை தலைமை டீச்சரிடம், வாசலில் நான்தான் நிற்பேன் என்று சொல்லிவிட்டுப் போய் நின்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். டை மருமகளுக்கு ஆயிற்று.

ஒன்றை எழுதாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. உன் சம்பந்தி கிளம்பும்போது வாசலில் நின்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்குக் கூடப்பிறந்தவங்க யாராவது இருக்காங்களாம்மா?" என்று கேட்டாள்.

"யாரும் இல்லம்மா" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. அவளுடைய கார் திரும்பிப் போன பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது. உன் பொய்யைக் காப்பாற்ற நானும் ஒரு பொய் சொல்லிவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். பொய் சொன்னால் எனக்கு நெஞ்சில் முள் மாதிரி குத்திக்கொண்டே இருக்கும், உனக்குத் தெரியும். நாலு நாளாகக் காத்திருந்து பார்க்கிறேன். குத்தவில்லை.