எல்க் வேட்டைத் தாளில் நான் வாசிக்காமல் விட்ட வரி

கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று எப்போதும் தேடுகிற என் அன்பு அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஏழு மாதமாகிவிட்டது. இங்கே ஹம் நகரில் இப்போது கோடை விடுமுறை. பத்தாம் வகுப்பை முடித்துவிட்டேன். ஜெர்மன் பாடத்தில் வகுப்பிலேயே எனக்குத்தான் கூடிய புள்ளி. அம்மா முதியோர் இல்லத்தில் காலை வேலைக்கு மட்டும் போகிறார். உங்கள் தொழிற்சாலைச் சப்பாத்து இன்னும் வாசலில்தான் இருக்கிறது. அதை எடுத்துவைக்க எங்கள் இருவருக்கும் மனம் வரவில்லை.

இந்தக் கடிதத்தை எங்கள் தமிழ்ப் பாடசாலையின் மலரில் போடப்போகிறார்கள். மற்றவர்களும் வாசிப்பார்கள், வாசிக்கட்டும். உங்களிடம் மட்டும் தனியாகச் சொல்ல எனக்குப் பத்து மாதம் இருந்தது. அந்தப் பத்து மாதத்தில் நான் சொல்லவில்லை.

உங்களைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் இருந்து தொடங்குகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கம்பித் தொழிற்சாலையில் உங்களோடு வேலைசெய்த மன்ஃபிரெட் ஒரு வேட்டைக்காரர். ஒரு சனிக்கிழமை ஆள் குறைகிறது என்று உங்களைக் காட்டுக்குக் கூட்டிப்போனார். கம்பால் பற்றைகளைத் தட்டி மிருகங்களைக் கிளப்புவதுதான் உங்கள் வேலை. செம்மஞ்சள் அங்கியோடும் முழங்கால்வரை சேற்றோடும் வீட்டுக்கு வந்தீர்கள். இரண்டு கோப்பைத் தேநீர் குடித்துவிட்டு, வேட்டைச் சோதனையை நானும் எழுதப்போகிறேன் என்றீர்கள்.

"துவக்குக்குப் பயந்து ஓடிவந்த மனுசன்," என்றார் அம்மா. "இஞ்ச வந்து துவக்குக்குச் சோதினை எழுதப்போறாராம்."

"சுடுறதுக்கில்லை, இஞ்சாரும். காட்டுக்க இருக்கிறதுக்கு."

"சும்மா இருக்கிறதுக்கும் சோதினை வைக்கிற நாடு!"

உங்கள் ஜெர்மன் தொழிற்சாலைக்கும் கடைக்கும் போதும். தாளில் இருக்கும் ஜெர்மன் வேறு. அதனால் அந்தத் தடித்த புத்தகம் முழுவதையும் நான்தான் வரிவரியாக வாசித்துத் தமிழில் சொன்னேன். மானின் பல்லைப் பார்த்து வயது சொல்வது எப்படி, எந்த மாதத்தில் எந்தப் பறவையைத் தொடக்கூடாது, நாய்க்கு என்னென்ன நோய் வருத்தம் வரும், எல்லாம் எனக்கும் பாடமாகிவிட்டது. இரண்டாம் முறை நீங்கள் தேறினீர்கள். அதன்பிறகு இரண்டு வருடத்தில் ஒரு முயலைக்கூடச் சுடவில்லை. மன்ஃபிரெட்டின் துவக்கை இரவல் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டேயிருப்பீர்கள் என்று அவர் சொல்லிச் சிரிப்பார்.

ஒருமுறை என்னையும் கூட்டிப்போனீர்கள். காட்டோரம் ஏணி வைத்த மரக்கூடு. இரண்டு பேர் இருந்தால் தோளும் தோளும் முட்டும். காலை ஆறு மணிக்கு ஏறினோம். புத்தகம் கொண்டுவந்திருந்தேன். தாள் திருப்புகிற சத்தம் மிருகத்துக்குக் கேட்கும் என்று கண்ணாலேயே வேண்டாம் என்றீர்கள். காலை மாற்றிப்போட்டால் பலகை கிரீச்சிட்டது. சிறுநீர் முட்டியது, இறங்க ஏலாது. தும்மலை மூக்குக்குள்ளேயே அடக்கினேன். நாலு மணி நேரம் நீங்கள் ஒரு சொல்லும் பேசவில்லை. உங்கள் முகத்தில் இருந்த சந்தோசத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. அதைப் பார்த்துக்கொண்டே, இனி ஒருநாளும் இதற்குள் ஏறமாட்டேன் என்று முடிவுசெய்தேன். உங்களிடம் மட்டும் "நல்லாயிருந்தது அப்பா" என்றேன்.

போன வருடம் மார்ச்சில் அந்தத் தாள்களைக் கொண்டுவந்தீர்கள். சுவீடனில் எல்க் வேட்டை. குதிரையைவிட உயரமான அந்த மானைச் சோதனைப் புத்தகத்தில் பார்த்த நாளிலிருந்தே, "இவ்வளவு பெரிய மிருகம் எப்பிடிப் பிள்ளை சத்தமில்லாமல் நடக்கும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள். ஒக்டோபரில் ஆறு நாள், வழிகாட்டியோடு, காசு கட்டிப் போகிற பயணம். மன்ஃபிரெட் தன் பெயரைப் பதிந்துவிட்டார். நீங்கள் கையெழுத்து வைக்க எட்டுப் பக்கம் நிபந்தனை.

"நீ வாசி பிள்ளை. பிரயோசனமோ இல்லையோ எண்டு சொல்லு. நீ சொன்னால் போறன், இல்லையெண்டால் விடுறன்."

பள்ளிக்கூடத்தில் அப்போது வாதக் கட்டுரை எழுதப் பழகிக்கொண்டிருந்தோம். ஆதரவு இடப்பக்கம், எதிர்ப்பு வலப்பக்கம், கடைசியில் முடிவு. நான் ஒரு கொப்பித் தாளை நடுவில் மடித்து எழுதினேன். எல்க் கண்ணில் படும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. சுட்டாலும் இறைச்சி நிலக்காரருக்கு. கொம்பு வேண்டுமென்றால் தனிக் கட்டணம். காயப்பட்டு ஓடிப்போனாலும் சுட்டதாகவே கணக்கு. மழை பெய்தால் காசு திரும்பாது. எல்லாம் தாளில் இருந்தவைதான் அப்பா. ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை.

நீங்கள் கடைசியாக ஒன்று கேட்டீர்கள். "உன்னைக் கூட்டிக்கொண்டு போக ஏலுமோ? உனக்கும் அப்ப லீவு தானே."

ஐந்தாம் பக்கத்தில் அது இருந்தது. வேட்டையாடாத ஒருவர் துணைக்கு வரலாம், அவருக்குக் கட்டணம் இல்லை, அதே கூட்டில் கூடவே இருக்கலாம். எனக்கு ஆறு நாளும் அந்தப் பலகையும் கண்ணுக்கு முன் வந்தன.

"இல்லை அப்பா," என்றேன். "துணைக்கு ஆக்கள் வரக்கூடாதாம்."

நீங்கள் தாளை வாங்கி, கண்ணாடி இல்லாமல், தூரப் பிடித்துப் பார்த்தீர்கள். பிறகு என் கொப்பித் தாளைப் பார்த்தீர்கள். "வலப்பக்கம்தான் கூட. சரி பிள்ளை, விடுவம்," என்று சொல்லித் தேநீர் வைக்க எழும்பினீர்கள்.

ஒக்டோபரில் மன்ஃபிரெட் தனியாகப் போனார். ஐந்து நாள் ஒன்றையும் காணாமல் ஆறாம் நாள் ஒன்று வந்ததாம். அந்தக் கதையை வேலைத்தலத்தில் உங்களுக்கு எத்தனை முறை சொன்னாரோ தெரியாது. வீட்டில் நீங்கள் ஒருமுறைதான் சொன்னீர்கள். "சத்தமே கேட்கேல்லையாம் பிள்ளை." ஜனவரியில் உங்கள் நெஞ்சு நின்றுவிட்டது.

இந்த நாட்டில் தகனத்துக்கே பத்து நாள் காத்திருக்கவேண்டும். அதனால் உங்கள் எட்டுச் செலவும் பிந்தித்தான் நடந்தது. போனவருக்குப் பிடித்த சாப்பாடெல்லாம் சமைத்துப் படைக்கிற நாள் அது என்று மன்ஃபிரெட்டுக்கு விளங்கப்படுத்தியிருந்தேன். அவர் உறைந்த இறைச்சிப் பெட்டி ஒன்றோடு வந்தார். சுவீடனில் நிலக்காரரிடம் விலைக்கு வாங்கிவந்த எல்க். உங்களுக்கென்று ஒரு பங்கை ஒதுக்கி வைத்திருந்தாராம்.

குசினியில் உங்கள் அக்கா, வசந்தி மாமி, பெட்டியைத் திறந்து மூக்கைச் சுளித்தார்.

"இது என்ன, மாடு மாதிரிக் கிடக்கு?"

"எல்க், மாமி. மான் இனம்."

"மான் இப்பிடிக் கறுத்திருக்குமோ? படையலுக்கு மாட்டை வச்சிட்டு என்ர தம்பியின்ர சாபத்தை வாங்க ஏலாது. வடிவா வாசிச்சனியோ?"

"ஓம் மாமி, மூடியில எழுதிக் கிடக்கு."

"அவள் வாசிச்சால் சரி மச்சாள்," என்றார் அம்மா, வெங்காயம் வெட்டிக்கொண்டே. "இந்த வீட்டில எல்லாம் அவள் வாசிச்சுத்தான். போடுங்கோ."

"சரி, போடுறன். உந்த மிருகத்துக்கு எத்தினை விசில் விடுறதெண்டு ஆருக்குத் தெரியும்? அதையும் வாசிச்சுச் சொல்லச் சொல்லு!"

எல்லோரும் சிரித்தார்கள். அழுதழுது வீங்கிய முகங்களோடு சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை.

வாழையிலையில் எல்லாம் வைத்தபிறகு, நீங்கள் ஆறுதலாகச் சாப்பிட வேண்டுமென்று அறைக் கதவைச் சாத்தினோம். நாங்கள் அத்தனை பேரும் வெளியே, வீட்டின் ஒடுங்கிய நடையில். எனக்கு முன்னால் மன்ஃபிரெட், பின்னால் மாமியின் ஆட்கள், வாசல்வரை சப்பாத்துகள். மன்ஃபிரெட் குனிந்து ஜெர்மனில் என் காதுக்குள் சொன்னார்:

"பிடிவாதக்காரன் உன் அப்பா. மகளைக் காசில்லாமலே கூட்டிவரலாம் என்று சொல்லி, அந்த வரியை விரல் வைத்துக் காட்டினேன். பார்த்தான். 'என் மகள் வாசித்துவிட்டாள். அவள் இல்லையென்று சொன்னால் இல்லைதான்' என்றான். அதற்குப் பிறகு அந்தக் கதையையே எடுக்கவிடவில்லை. நீ ஏன் அதைச் சொல்லவில்லை?"

அப்பா, என்னால் ஒரு பக்கமும் நகர முடியவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள்.

நீங்கள் எப்போது அறிந்தீர்கள்? ஏப்ரலிலா, மேயிலா? அதற்குப் பிறகும் வரிக் கடிதம், வைத்தியரின் கடிதம், வீட்டுக்காரரின் கடிதம் எல்லாவற்றையும் என்னிடம்தானே தந்தீர்கள். ஒவ்வொரு முறையும் "சரி பிள்ளை" என்றீர்கள். நான் சொல்லட்டும் என்று காத்திருந்தீர்களா? அல்லது சொல்லத் தேவையில்லை என்று விட்டுவிட்டீர்களா? இப்போது யாரிடம் கேட்பேன்?

இந்த மலரை வாசிக்கும் வீடுகளில் என்னைப் போன்ற பிள்ளைகள் நிறையப் பேர் இருப்பீர்கள். அம்மா அப்பாவின் கடிதங்களை வாசித்துச் சொல்கிறவர்கள். நாங்கள் கெட்டிக்காரர் என்று எல்லோரும் சொல்வார்கள். நாங்கள் சொல்வதுதான் அவர்களுக்குத் தாள். அதில் ஒரு வரி குறைந்தால், அவர்களின் உலகத்திலும் அது குறைந்துவிடும்.

போன மாதம் மன்ஃபிரெட் வந்தார். இந்த ஒக்டோபரும் போகிறாராம். உங்கள் நினைவாக என்னைத் துணையாகக் கூட்டிப்போக விருப்பமாம். அதே எட்டுப் பக்கத்தை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அம்மா அதை மேசையில் வைத்தார்.

"வாசி. பிரயோசனமோ எண்டு சொல்லு."

உங்கள் கதிரையில் இருந்துதான் வாசித்தேன். நாலு பக்கம் முடிந்தது. ஐந்தாம் பக்கம். இம்முறை வாசித்தேன். பிறகு சொன்னேன்:

"அப்பா கேட்டபோதும் இது இருந்தது, அம்மா. நான்தான் இல்லையெண்டு சொன்னனான்."

அம்மா தாளைத் தன் பக்கம் இழுத்தார். "ஏன்?"

"எனக்கு அங்க போய் இருக்க விருப்பமில்லை. குளிர். கதைக்கவும் ஏலாது."

"இப்பவும் விருப்பமில்லையோ?"

பாவமன்னிப்புக்காக 'போறன்' என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அதுவும் இன்னொரு பொய்.

"இல்லை அம்மா. விருப்பமில்லை."

"இதை அந்த மனுசனுக்குச் சொல்ல உனக்கு எவ்வளவு நேரம் போயிருக்கும்?" என்றார் அம்மா. "எனக்கு விருப்பமில்லை, நீங்கள் போங்கோ எண்டு. சொல்லியிருந்தால் தனியப் போயிருப்பாரே."

அதுதான் அப்பா. அந்தக் கொப்பித் தாளில் இறைச்சியையும் கொம்பையும் மழையையும் எழுதினேன். நீங்கள் எதற்காகப் போக விரும்பினீர்கள் என்று ஒரு பக்கத்திலும் எழுதவில்லை. சத்தமில்லாமல் நடக்கிற ஒரு பெரிய மிருகத்தைப் பார்க்க ஆறு நாள் காத்திருப்பது உங்களுக்குப் பெறுமதியானது. ஒன்றும் வராமல் போயிருந்தாலும் பெறுமதியானதுதான். எனக்குத்தான் அது அப்படி இல்லை. கேட்டவர் நீங்கள், நானோ தீர்ப்பை என் விருப்பத்துக்கு எழுதிவிட்டேன்.

அம்மா எழும்பினார். அறைக்குள் போய் அழப்போகிறார் என்று நினைத்தேன். அலுமாரியிலிருந்து கடிதங்கள் அடுக்கிய தடித்த கோப்பைத் தூக்கிவந்து என் முன்னால் வைத்தார். விதவை ஓய்வூதிய விண்ணப்பம், காப்புறுதி, வீட்டு ஒப்பந்தம்.

"இதெல்லாம் நீ வாசிச்சுச் சொல்ல நான் கையெழுத்து வச்சது."

"ஓம்."

"திருப்பி வாசி. முதல்ல இருந்து. ஒவ்வொரு சொல்லா."

"அம்மா, இதுகளில நான் ஒண்டும்..."

"வாசி."

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் மத்தியானம் சாப்பிட்டபிறகு மேசையில் இருக்கிறோம். அம்மா என் பக்கத்தில், சுவர்ப்பக்கம் நான். அவர் எழும்பினால்தான் நான் வெளியே வரலாம். நான் வாசிக்கிற வரியின் கீழே அம்மாவின் விரல் நகர்கிறது. நான் வேகமாகப் போனால் விரல் அழுத்துகிறது. "இந்தச் சொல்லு என்ன? நீ சொல்லேல்ல." பொய் சொல்லாத பக்கங்களிலும் ஒவ்வொரு வரியையும் இருமுறை பார்த்தபிறகே சொல்கிறேன். அம்மா என்னை மன்னித்தாரா என்று தெரியாது, கேட்கப் பயமாக இருக்கிறது. போன ஞாயிறு ஒரு சொல்லை எனக்கு முன்னமே அவரே வாசித்துவிட்டார். சரியாக வாசித்தார். பெருமைப்படுவதா பயப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

மன்ஃபிரெட்டுக்கு எழுதிவிட்டேன்: எனக்கு விருப்பமில்லை, நன்றி, நீங்கள் போய்வாருங்கள். மூன்று வரிதான். எழுத ஒரு பின்னேரம் முழுவதும் பிடித்தது.

உங்களுக்கு ஒன்று சத்தியம் செய்கிறேன், அப்பா. விருப்பமில்லாததை இனி விருப்பமில்லை என்று என் வாயால்தான் சொல்வேன், தாள் சொன்னது என்று சொல்லமாட்டேன். அம்மாவின் விரல் எத்தனை ஞாயிறு என் வரிக்குக் கீழே வந்தாலும், எழும்பிப் போகமாட்டேன்.

அம்மா கூப்பிடுகிறார். பதினேழாம் பக்கத்தில் நிற்கிறோம்.

உங்கள் மகள்,
ஆரணி